மாம்பழம் எந்த மாதத்தில் அழுகுகிறது?

பங்குனி உத்திரத் திருக்கல்யாணக் கூட்டம் கலைந்து பெரிய காஞ்சிபுரம் ஓய்ந்த சில வாரங்களில் ஊருக்குள் மாம்பழம் இறங்கத் தொடங்கிவிடும். மாவோடு இந்த ஊருக்கு உள்ள உறவு பழையது. ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சமே மாமரம். நான்கு வேதங்களுக்கு நான்கு கிளை, கிளைக்கு ஒரு சுவை என்பது ஐதீகம். பட்டுச்சேலையில் மாங்காய் புட்டா இங்குள்ள தறிகளுக்குப் பரம்பரைச் சொத்து. அப்படிப்பட்ட ஊரிலும் சித்திரை, வைகாசியில் ராஜாஜி மார்க்கெட் பக்கம் காதில் விழும் புகார் எல்லா ஊரிலும் கேட்பதுதான். வாங்கும்போது பங்கனப்பள்ளி பொன் நிறமாக இருந்தது, இரண்டு நாளில் தோலெல்லாம் கறுப்புத் திட்டு, நறுக்கினால் கொட்டை வரைக்கும் அழுகல். கடைக்காரர் கார்பைடு போட்டிருப்பார், மழையில் நனைந்த சரக்கு, லாரியில் அடிபட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படும். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் வைகாசியில் அழுகும் பழத்தின் கதை பெரும்பாலும் தை மாதத்திலேயே, மரம் பூத்து நிற்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. கடையில் தேடிக்கொண்டிருக்கும் குற்றவாளி தோப்பிலேயே பழத்துக்குள் ஏறிக்கொண்டு வந்தவன். அவனைப் பிடிக்க வேண்டிய இடமும் தோப்புதான் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் பழத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அழுகல் எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும் அதன் போக்கு வேறுவேறு. தோலில் அங்கங்கே கடுகளவு கரும்புள்ளி விழுந்து, அவை பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து குழிந்த திட்டாகிறது என்றால் அது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய். ஈரமான இடத்தில் வைத்திருந்தால் திட்டின் நடுவே இளஞ்சிவப்பாகப் பசை மாதிரி பொங்கி நிற்கும். அது அத்தனையும் பூஞ்சையின் வித்துகள். சில பழங்களில் காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்த தடம்போல் கரும்புள்ளிகள் வரிசையாக இறங்கியிருக்கும். அந்தத் தடத்தைக் கவனிக்க வேண்டும். மரத்தில் பழம் தலைகீழாகத் தொங்கும்போது மேலே உள்ள பட்ட குச்சியிலிருந்தும் கருகிய பூங்காம்பிலிருந்தும் மழைநீரோ பனிநீரோ வித்துகளைக் கழுவிக்கொண்டு காயின் மேல் வழிந்த பாதை அது. லாரியில் அடிபட்டதற்கு இப்படி ஒழுங்கான தடம் விழாது. இன்னொரு வகை, காம்பு அழுகல். காம்பைச் சுற்றித் தோல் பழுப்பாகி, கறுத்து, நீர்கோத்துக்கொண்டு மூன்று நான்கு நாளில் முழுப் பழத்தையும் விழுங்கிவிடும். இதற்குக் காரணம் லேசியோடிப்ளோடியா தியோபுரோமே முதலான வேறு பூஞ்சைகள். இவை மரத்தின் குச்சிக்குள்ளேயே சத்தமில்லாமல் வாழ்ந்து, பறித்தபின் காம்பு வழியாகப் பழத்துக்குள் இறங்குகின்றன. உண்மையிலேயே அடிபட்ட காயம் வேறு மாதிரி இருக்கும். ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், தோல் நசுங்கி உள்ளே சதை கன்றியிருக்கும். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மார்க்கெட் சண்டைகளில் பாதி குறைந்துவிடும்.

ஆந்த்ராக்னோஸை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கம் குடும்பத்துப் பூஞ்சை மாமரத்தை விட்டு எந்த மாதத்திலும் போவதில்லை. காய்ந்த குச்சி, நோயுற்ற இலை, பிஞ்சு பிடிக்காமல் கறுத்து அப்படியே தொங்கும் பூங்கொத்து ஆகிய இடங்களில் அது குடியிருக்கும். காற்று மட்டும் இந்த வித்துகளைப் பரப்பிவிடாது. தெறிக்கும் தண்ணீர் வேண்டும். வித்து முளைப்பதற்கு இலையோ பூவோ பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்கு மிகவும் தோது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் இந்த ஏற்பாடு தானாகவே அமைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மரத்தை நனைத்து, இலைகளில் நோயைப் பெருக்கிவிட்டுப் போகும். மார்கழி, தையில் மரம் பூக்கும்போது மழை நின்றிருக்கும், ஆனால் விடியற்காலைப் பனி சொட்டச் சொட்ட இருக்கும். 'பனியில் பூ கருகிடுச்சு' என்று தோப்புக்காரர்கள் சொல்வது கண்ணால் கண்டதைத்தான். ஆனால் பனி நீராக மட்டும் இருந்தால் பூ கருகாது. பனிநீரில் முளைத்த பூஞ்சைதான் கருக்குகிறது. அதே பருவத்தில் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் சேர்ந்துகொள்வதால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிவது கடினம். பழி மொத்தமும் பனியின் தலையில் விழுகிறது.

கருகாமல் தப்பிய பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகும்போது இன்னொரு சம்பவம் நடக்கிறது. வித்து காயின் தோலில் முளைத்து, ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு உறுப்பை உருவாக்கி, தோலின் மேற்படலத்துக்குள் மெல்லிய முளை ஒன்றை நுழைக்கும். அதோடு நின்றுவிடும். புள்ளியும் இல்லை, அழுகலும் இல்லை, வெளியே காய் பளபளவென்று இருக்கும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இப்படி அடங்கிக் கிடக்கும். பட்டு வாங்கியவர்களுக்கு இது பழகிய கணக்குதான்: சாயத் தொட்டியில் நேர்ந்த குறை முதல் தண்ணீரில் நனைக்கும்போதுதான் வெளியே வரும், திட்டு வாங்குவது கடையில் எடுத்துக் கொடுத்தவர். மாம்பழத்தில் அந்த முதல் நனைப்பு, பழுத்தல்.

ஏன் அடங்கிக் கிடக்கிறது, ஏன் பழுக்கும்போது விழிக்கிறது என்பதற்கு அறிவியல் கண்டிருக்கும் விடை சுவையானது. பச்சை மாங்காய்க்குத் தனக்கென ஒரு காவல் உண்டு. 1980-களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள், வேறொரு பூஞ்சை உண்டாக்கும் கரும்புள்ளியை ஆராய்ந்தபோது, மாங்காய்த் தோலில் ரெசார்சினால் வகையைச் சேர்ந்த பூஞ்சை எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதையும், காய் பழுக்கப் பழுக்க அவை குறைந்துபோவதையும் கண்டார்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை ஆந்த்ராக்னோஸ் பக்கம் கொண்டுவந்து, காம்பை ஒடித்ததும் வடிகிறதே அந்தப் பாலிலும் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். கையில் பட்டால் கொப்புளிக்கும் மாங்காய்ப் பால், காயின் ஆயுதம்தான். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பூஞ்சையின் சாமர்த்தியம். கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் பி. ஈ. கொலாட்டுக்குடியும் மோஷே பிளெய்ஷ்மனும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, பழம் பழுக்கும்போது தானே வெளியிடும் எத்திலீன் வாயுவையே இந்தப் பூஞ்சை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்கிறது என்று நிறுவியது. எத்திலீன் உண்டாக்க முடியாதபடி மரபணு மாற்றிய தக்காளியில் வித்துகள் வேலையைத் தொடங்கவில்லை. வெளியிலிருந்து எத்திலீன் கொடுத்ததும் தொடங்கின. பழம் தன் மணத்தால் நம்மை அழைக்கும் அதே நாளில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விருந்தாளியும் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.

மாமரத்தின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. தாவரவியலார் கணக்கில் மாம்பழம், பீச், பிளம்ஸ், ஆப்ரிகாட், செர்ரி எல்லாம் ஒரே அமைப்புள்ள கனிகள்: வெளியே தோல், நடுவே சதை, உள்ளே கெட்டியான ஓட்டுக்குள் விதை. குளிர்நாடுகளில் பீச், பிளம்ஸ் தோப்புகளை ஆட்டிப்படைப்பது பழுப்பு அழுகல் நோய். மோனிலினியா என்ற பூஞ்சையின் வேலை அது. பழத்தில் வட்டமாகப் பழுப்புத் திட்டு விழுந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகக் குஞ்சம் கட்டும். இரண்டு பூஞ்சைகளும் உறவில் தொலைவுதான். நடந்துகொள்ளும் விதத்தில் மட்டும் அச்சு அசல். மோனிலினியாவும் பூவில்தான் முதலில் நுழைந்து பூவைக் கருக்கும். குச்சிக்குள் இறங்கிப் புண்ணாக்கும். பச்சைக் காயில் அடங்கிக் கிடந்து பழுக்கும்போது கிளம்பும். அழுகிய பழம் உதிராமல் கிளையிலேயே வற்றிச் சுருங்கித் தொங்கும். இந்த வற்றலில் பூஞ்சை குளிர்காலம் முழுவதையும் கழித்துவிட்டு அடுத்த வசந்தத்தில் புதுப் பூக்களைத் தாக்கும். அந்த நாடுகளின் தோப்புக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம், மருந்தை எடுப்பதற்கு முன் இந்த வற்றலைப் பொறுக்கி அழிப்பது. கொடைக்கானலிலும் குன்னூரிலும் பிளம்ஸும் பீச்சும் விளைகின்றன. அங்கும் இதே பாடம் பொருந்தும். பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து சேரும் மாம்பழத்துக்கும் அது பொருந்தும் என்பதைத்தான் நாம் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கார்பைடு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் வலுவான மறுப்பு. கார்பைடு கல் தடை செய்யப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அதைக் கொண்டு பழுக்க வைப்பதையும் அப்படிப் பழுக்க வைத்ததை விற்பதையும் தடுக்கின்றன. அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் கலந்து வரக்கூடும் என்பதே காரணம். எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. கார்பைடு போடுகிறவரை நியாயப்படுத்த எந்த வழியும் இல்லை. ஆனால் அவர் நோயை உண்டாக்குகிறாரா? தோலில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் பூஞ்சையை எழுப்பிவிடுகிறார், அவ்வளவுதான். முற்றாத காயைப் பறித்து, மூடிய அறையில் சூட்டிலும் புழுக்கத்திலும் அடைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் பழுக்க வைத்தால், அடங்கிக் கிடந்தவை எல்லாம் ஒரே நாளில் கிளம்பும். வைக்கோல் பரப்பி இயற்கையாகப் பழுக்க வைத்தாலும் அவை கிளம்பத்தான் செய்யும், கொஞ்சம் முன்பின்னாக. பூஞ்சை நுழையாத காயைக் கார்பைடு போட்டுப் பழுக்க வைத்தாலும் ஆந்த்ராக்னோஸ் வராது. பூஞ்சை நுழைந்த காயை எத்தனை பக்குவமாகப் பழுக்க வைத்தாலும் முழுதாகத் தப்பாது. அதிகாரிகள் மார்க்கெட்டில் சோதனை நடத்திக் கார்பைடு பழத்தை அள்ளிக் குப்பையில் கொட்டுவது தேவையான வேலைதான். அதனால் அழுகல் குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இன்னொரு மறுப்பு, தாத்தா காலத்து மறுப்பு. அந்தக் காலத்தில் யார் மருந்து அடித்தார்கள், யார் கவாத்து செய்தார்கள், பழம் நன்றாகத்தானே இருந்தது? பூஞ்சை அப்போதும் இருந்தது. வித்தியாசம், பழத்துக்கும் வாய்க்கும் இடையே இருந்த தூரத்தில். கொல்லையில் காய்த்ததும் பக்கத்து ஊர்த் தோப்பிலிருந்து வண்டியில் வந்ததும் பழுத்த மறுநாளே தின்று தீர்ந்தன. புள்ளி பெருக்க நாலைந்து நாள் வேண்டும். அந்த அவகாசம் பூஞ்சைக்குக் கிடைக்கவில்லை. விளைச்சலில் கணிசமான பங்கு வடுவாகவும் ஊறுகாயாகவும் பச்சைக் காயாகவும் போயிற்று. காயாகவே தின்றுவிட்டால் உள்ளே அடங்கிக் கிடப்பது விழிக்கவே வழியில்லை. நாட்டு மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டி நின்றன, காற்றும் வெயிலும் உள்ளே புகுந்தன. இன்று சித்தூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் புறப்படும் காய் மண்டி, குடோன், சில்லறைக் கடை, வீட்டுக் கூடை என்று படிப்படியாக நாள் கடத்தித்தான் தட்டுக்கு வருகிறது. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் பொறியியல் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, பழ வகைகளில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஏறத்தாழ 7 முதல் 16 சதவீதம் வரை போகிறது என்றது. உலக மாம்பழ விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது என்னும்போது, சிறு சதவீதமும் மலையளவு பழம்.

தோப்பில் என்ன செய்வது? செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்கு மருந்துக் கடைக்கே போக வேண்டியதில்லை. அறுவடை முடிந்த ஆடி, ஆவணியில் பட்ட குச்சிகள், ஒன்றோடொன்று உராயும் கிளைகள், உள்ளே இருட்டடித்துக் கிடக்கும் கிளைகள் இவற்றைக் கவாத்து செய்து, கழித்ததைத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். வெட்டிய குச்சியை மரத்தடியிலேயே போட்டு வைப்பது வேலையைப் பாதியில் விடுவதற்குச் சமம். அடுத்த மழையில் வித்து அங்கிருந்தே தெறிக்கும். நோய்ப்பூங்கொத்தையும் கருகிய பிஞ்சையும் தனியே ஒடித்து எடுக்க வேண்டும். கவாத்தால் இன்னொரு நன்மை, காலைப் பனி சீக்கிரம் உலரும். பூஞ்சைக்குத் தேவை தொடர்ந்த நனைப்பு என்பதால், எட்டு மணிக்கே உலர்ந்துவிடும் மரமும் பத்து மணி வரை சொட்டிக்கொண்டிருக்கும் மரமும் நோயில் ஒன்றாக இருப்பதில்லை. வெட்டுக்காயத்துக்குப் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த இந்தப் பழைய மருந்தின் பிறப்பே வேடிக்கையானது: பிரான்சில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துவிடாமலிருக்க அச்சமூட்டும் நீலத்தில் தெளித்து வைத்திருந்த கலவை, நோயையும் தடுப்பதை மில்லார்டே என்ற அறிஞர் கவனித்து 1885-ல் உலகுக்குச் சொன்னார். மரத்துக்குத் தெளிப்பதானால் நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது வழக்கமான ஒரு சதவீதக் கலவை.

தெளிப்பதில் எதைத் தெளிக்கிறோம் என்பதைக் காட்டிலும் எப்போது தெளிக்கிறோம் என்பதே பெரிய கேள்வி. காயில் புள்ளி கண்டபின் தெளிப்பது பணத்தைக் காற்றில் விடுவது. பூஞ்சை தோலுக்குள் நுழைந்துவிட்டது. மேலே படும் மருந்து அதைத் தொடாது. பூங்கொத்து நீளத் தொடங்கியதிலிருந்து பிஞ்சு கோலிக்குண்டளவு ஆகும்வரை உள்ள சில வாரங்களே முக்கியம். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு உயிரியல் வழி ஒன்றைப் பரிந்துரைக்கிறது: சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் எஃப்.பி. 7 வகையை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, அக்டோபரிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து முதல் ஏழு தடவை பூக்கிளைகளில் தெளிப்பது. பூ வரும் முன்பே தொடங்குவதுதான் இதன் சூட்சுமம். இரசாயனப் பூஞ்சைக்கொல்லிகளும் உண்டு. 'விஷத்தை அடிக்கச் சொல்கிறீர்களா?' என்று இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். ஒரு காலத்தில் பறித்த பழத்தை முக்கி எடுக்கப் பரிந்துரைக்கப்பட்ட பெனோமில் மருந்தை 2018-ல் இந்திய அரசே தடை செய்துவிட்டது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும் என்பதைப் பழுப்பு அழுகல் பூஞ்சை 1970-களிலேயே பீச் தோப்புகளில் காட்டிவிட்டது. ஆகவே அஞ்சுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் கவாத்துக்கும் துப்புரவுக்கும் உயிரியல் தெளிப்புக்கும் ஆதரவாகத்தான் நிற்கிறது. எதையும் செய்யாமல் விடுவதற்கு அது சாக்காகாது. எதையும் செய்யாத தோப்பின் காய்தான் கடைசியில் மண்டியில் யாரோ ஒருவரால் ஏதோ ஒரு மருந்தில் முக்கப்படுகிறது.

இத்தனையும் செய்தாலும் கொஞ்சம் பூஞ்சை தப்பி வரும். அதற்குப் பறித்த கையோடு செய்ய ஒரு வழி இருக்கிறது, வெறும் வெந்நீர். நன்றாக முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காயைப் பறித்த ஓரிரு நாளுக்குள் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் முதல் 15 நிமிடம் வரை முக்கி எடுக்க வேண்டும். ரகத்தையும் காயின் பருமனையும் பொறுத்து நேரம் மாறும். 52 டிகிரியில் 10 நிமிடம் என்பது நடுத்தரமான கணக்கு. பூஞ்சை பதுங்கியிருப்பது தோலின் மேலடுக்கில். அந்தச் சூடு அங்கே போய்ச் சேர்ந்து அதைக் கொன்றுவிடும், அதற்குள் சதை சூடேறியிருக்காது. பீச் பழத்தின் பழுப்பு அழுகலுக்கு இதே வைத்தியத்தை அமெரிக்காவில் 1960-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காம்பு அழுகல் மட்டும் ஆழத்தில் இருப்பதால் வெந்நீருக்கு அவ்வளவாக மசியாது. அதற்குக் காம்பை ஒட்ட ஒடிக்காமல் கொஞ்சம் விட்டுப் பறிப்பது உதவும். தோலில் வடிந்த பாலைத் துடைத்துவிடுவதும் நல்லது, அது தோலைச் சுட்டுக் கறையாக்கும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை நிறுத்தி, 2015 ஜனவரியில் திரும்ப அனுமதித்த விவகாரத்தில் அடிபட்ட வெந்நீர், பழ ஈக்காக. அது 48 டிகிரியில் ஒரு மணி நேரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெந்நீர் பழத்தை வேகவைத்துவிடாதா என்ற பயம் இயல்பானது, ஓரளவு சரியும்கூட. 55-ஐத் தாண்டினாலோ அதிக நேரம் விட்டாலோ தோல் வெந்து பழுப்படிக்கும், பழுப்பதே கோணலாகும். கைப்பதம் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை இது, வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 42 டிகிரியோடு நின்றுவிடும். சமையலுக்கு விற்பது போதும். கொல்லை மரத்துக் காயை வீட்டில் முக்க நினைப்பவர்களுக்கு ஒரு எளிய அளவு: தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, சாதாரணக் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய 53 டிகிரி வரும். பதினைந்து லிட்டர் வாளிக்கு நாலைந்து காய்க்கு மேல் போடாதீர்கள், சூடு இறங்கிவிடும். எடுத்ததும் ஆறவிட்டு, துணியால் ஈரம் ஒற்றி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைக்க வேண்டும். கடையில் வாங்கிய மஞ்சள் பழத்துக்கு இந்த வைத்தியம் காலம் கடந்தது. சாப்பிடுவதற்கு முன் பழத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் பாலையும் தூசியையும் கழுவும். பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது.

இவ்வளவு தெரிந்திருந்தும் தோப்புகளில் ஏன் நடப்பதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. மீதிப் பதில் குத்தகையில் இருக்கிறது. பல தோப்புகள் பூவிலோ பிஞ்சிலோ வியாபாரிக்குப் பேசி முடிக்கப்படுகின்றன. பணம் கொடுத்தவருக்கு அந்த ஒரு பருவத்துக் காய்தான் சொந்தம். பறித்து முடித்ததும் அவர் கணக்கு முடிந்தது. ஆடி, ஆவணியில் கவாத்துக்கும் குப்பை அகற்றவும் ஆள் வைத்துச் செலவு செய்தால் அதன் பலன் அடுத்த தையில் வேறு யாருக்கோ போகும். உரிமையாளர் பலர் நகரத்தில் இருக்கிறார்கள். பூ விலை கைக்கு வந்ததோடு அவர்களுக்கும் தோப்பு மறந்துபோகிறது. காய் எப்படிப் பழுக்கும், எத்தனை நாள் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. நட்டம் மண்டிக்காரருக்கும், கடைக்காரருக்கும், கடைசியில் கூடையோடு வீட்டுக்குப் போனவருக்கும். நோயைத் தடுக்கக்கூடிய மாதத்தில் தோப்பு யார் பொறுப்பிலும் இல்லை. நோய் தெரியும் மாதத்தில் பொறுப்பேற்பவர் கையில் தடுக்கும் வழி இல்லை.

ஆளில்லை, கூலி ஏறிவிட்டது, உயரமான மரத்தில் ஏற யார் வருகிறார்கள் என்று தோப்புக்காரர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரே வருடத்தில் மரத்தை மொட்டையடிக்க யாரும் கேட்கவில்லை. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மரங்கள் என்று முறைவைத்தாலும் மூன்றாவது ஆண்டில் தோப்பு திறந்துவிடும், மரமும் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும், பறிக்கும் கூலியும் குறையும். குத்தகையை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக நீட்டினால், இந்த வருடம் குச்சி கழித்தவரே அடுத்த வருடம் அதன் காயைப் பறிப்பார். பூ விலை பேசும்போதே கவாத்துக் கூலி யாருடையது, தெளிப்பு யாருடையது, கருகிய கொத்தை அகற்றுவது யார் என்று எழுதிக்கொள்வதும் இயலாத காரியமல்ல. வேளாண் துறை மருந்துக்குத் தரும் மானியத்தில் ஒரு பகுதியைக் கவாத்து ஆட்களுக்கும், கிராமத்துக்கு ஒரு வெந்நீர்த் தொட்டிக்கும் திருப்பினால் பலன் சீக்கிரம் தெரியும் என்பது என் கணிப்பு. வாங்குகிறவர்கள் பங்குக்குச் செய்யக்கூடியது சிறியது: காம்படியில் கறுப்புத் தாரை இறங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, இருந்தால் விலை குறைத்துக் கேட்பது, எந்தத் தோப்புச் சரக்கு என்று விசாரிப்பது. அந்தக் கேள்வி கடையிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து குத்தகைக்காரருக்கும் போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆடியில் அரிவாளை எடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.